மாத்தி யோசிக்க ஆளிருக்கு, காது கொடுக்கத்தான் ஆளில்லை

மூணு வரிசை, வரிசைக்கு மூணு புள்ளி, ஆக மொத்தம் ஒன்பது. பேனாவை எடுக்காம நாலே நாலு நேர்கோட்டுல எல்லாப் புள்ளியையும் தொடணும். கம்பெனிகள்ல வேலை பாக்குற மக்கள் வாழ்க்கையில ஒரு தடவையாவது இந்தக் கணக்குல மாட்டியிருப்பீங்க. கோட்டைச் சதுரத்துக்கு வெளியே இழுத்துட்டுப் போய்த் திருப்பணும், அதான் விடை. விடையைப் போட்டுக் காமிச்சுட்டு, "வெளியே போகக் கூடாதுன்னு நான் சொன்னேனா? நீங்களா ஒரு பெட்டி கட்டிக்கிட்டு அதுக்குள்ள உக்காந்துட்டீங்க"ன்னு டிரெய்னர் சிரிப்பார். நாமளும் அசடு வழிவோம். ரெண்டு நாள் ஹோட்டல் ஹால், மதியம் பனீர் பட்டர் மசாலா, சாயங்காலம் சர்டிபிகேட், குரூப் போட்டோ. மறுநாள் காலைல பாத்தா அதே பெட்டி, அதே ஆணி, அதே டேமேஜர்.

நான் டெல்லிக்குத் தெக்க, ஃபரிதாபாத் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் ஃபேக்டரியில குவாலிட்டி பாக்குறவன். இந்த 'லேட்டரல் திங்கிங்' சமாச்சாரத்துல இதுவரைக்கும் நாலு தடவை குளிப்பாட்டி எடுத்திருக்காங்க. நம்மூர் பாஷையில சொன்னா 'மாத்தி யோசி'. தொழிலாளிக்கு, எஞ்சினியருக்கு மாத்தி யோசிக்கத் தெரியலை, அதனாலதான் நாம முன்னேறலைன்னு ஒரு பாட்டு இருக்கு பாருங்க, அது சுத்தப் பீலாங்கிறதுதான் இன்னிக்கு மேட்டர். யோசனைக்கு இங்க பஞ்சமே கிடையாது. காதுக்குத்தான் பஞ்சம். காது இல்லாத எடத்துல யோசிக்கக் கத்துக் குடுக்கிறது, கேட்டைப் பூட்டி வச்சுக்கிட்டு ஓட்டப் பந்தயத்துக்குக் கோச்சிங் குடுக்கிற மாதிரி.

மொதல்ல அந்த ஒன்பது புள்ளியையே எடுத்துக்குவோம். 1914-ல வந்த சாம் லாய்டோட புதிர்த் தொகுப்புலயே இருக்கிற பழைய சரக்கு அது. சதுரத்துக்கு வெளியே போகத் தோணாததுதான் சிக்கல்னா, "வெளியே போகலாம்யா"ன்னு சொல்லிட்டா எல்லாரும் போட்டுடணும் இல்லையா? ராபர்ட் வைஸ்பெர்க், ஜோசப் ஆல்பான்னு ரெண்டு மனோதத்துவக்காரங்க அதைச் சோதிச்சுப் பாத்து 1981-ல எழுதினாங்க. கோடு சதுரத்தைத் தாண்டணும்னு வாயைத் திறந்து சொன்ன பிறகும் பெரும்பாலானவங்களால போட முடியலை. எந்தக் கோடு எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னு இன்னும் விவரமா துப்பு குடுத்தப்புறம்தான் தேறினாங்க. அதாவது "பெட்டிக்கு வெளியே யோசி"ங்கிற உபதேசத்தால ஒரு பிரயோசனமும் இல்லை. அந்தப் புதிரைப் பத்தின உருப்படியான விவரம்தான் உதவிச்சு. இந்த ஆராய்ச்சியை எந்த டிரெய்னரும் ஸ்லைடுல போட்டு நான் பாத்ததில்லை. போட்டா பொழப்பு நாறிடும் :-)

இந்த வித்தைக்கெல்லாம் மூலவர் எட்வர்ட் டி போனோ. மால்டாக்காரர், டாக்டருக்குப் படிச்சவர், 1933-ல பிறந்து 2021-ல காலமானார். 'லேட்டரல் திங்கிங்'கிற பேரை 1967-ல வச்சவர் அவர்தான். அந்த வருஷம் வந்த புஸ்தகத்துல ஒரு கூழாங்கல் கதை வரும். எந்த டிரெய்னிங்கா இருந்தாலும் அந்தக் கதை இல்லாம இருக்காது. ஒரு வியாபாரி, வட்டிக்காரன்கிட்ட பெரிய கடன். வட்டிக்காரனுக்கு வியாபாரியோட பொண்ணு மேல கண்ணு. பையில ஒரு கறுப்புக் கல், ஒரு வெள்ளைக் கல் போடுறேன், உன் பொண்ணு எடுக்கட்டும்ங்கிறான். வெள்ளை வந்தா கடன் ரத்து, பொண்ணும் போகலாம். கறுப்பு வந்தா கடன் ரத்து, ஆனா என்னைக் கட்டிக்கணும். எடுக்கவே மாட்டேன்னா அப்பனுக்கு ஜெயில். சொல்லிட்டு ரெண்டு கறுப்புக் கல்லை எடுத்துப் பையில போட்டுடறான். பொண்ணு அதைப் பாத்துடுது. கையை விட்டு ஒரு கல்லை எடுத்து, யாரும் பாக்குறதுக்குள்ள கூழாங்கல் பாதையில நழுவ விட்டுட்டு, "அடடா, விழுந்துடுச்சே, பரவாயில்லை, பையில மிச்சம் என்ன நிறம்னு பாத்தா நான் எடுத்தது தெரிஞ்சுடுமே"ன்னு சொல்லித் தப்பிச்சுக்குது.

ஹால்ல கைதட்டல். எல்லாரும் அந்தப் பொண்ணோட புத்தியைப் பாராட்டுவாங்க. எனக்கு மட்டும் ஒரு கேள்வி. அந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு சாமர்த்தியம் காட்டணும்? "யோவ், ரெண்டும் கறுப்புய்யா, பையைக் கவுத்துக் காட்டு"ன்னு நேரா கேட்டுட்டுப் போயிருக்கலாமே? கேக்க முடியாது. அப்பன் கடன்காரன், எதிர்ல நிக்கிறவன் ஜெயில்ல தள்ளக் கூடியவன். உண்மை அந்தப் பொண்ணுக்குத் தெளிவாத் தெரியும். உண்மையைச் சொல்ற உரிமைதான் இல்லை. அதனாலதான் பக்கவாட்டுல போச்சு.

நம்ம தெனாலிராமன் கதையெல்லாம் யோசிச்சுப் பாருங்க. இந்தப் பக்கத்து ஆளுங்க பெருமையா சொல்ற பீர்பால் கதையையும் சேத்துக்குங்க. அக்பர் ஒரு கோடு போட்டு, இதைத் தொடாம சின்னதாக்குன்னாராம், பீர்பால் பக்கத்துல அதைவிடப் பெரிய கோடு ஒண்ணைப் போட்டாராம். அருமை. ஆனா இந்தக் கதைகள்ல பொதுவா ஒண்ணு இருக்கு. எதிர்ல உக்காந்திருக்கிறவர் ராஜா, கோவம் வந்தா தலை போகும். "மன்னா, நீங்க சொல்றது தப்பு"ன்னு சொல்ற வசதி இருந்தா தெனாலிராமனுக்கு என்ன வேலை? நேரா பேச முடியாத சபையிலதான் விகடகவிக்கு மவுசு. அப்படிப் பாத்தா, ஊழியர்கள் எல்லாம் மாத்தி யோசிக்கணும்னு ஒரு கம்பெனி ரொம்ப ஆசைப்பட்டா, அங்க நேரா பேசினா என்னாகும்னு விசாரிக்கிறது நல்லது.

பெரிய வார்த்தையா இருக்கேன்னு தோணும். என் கண் முன்னாடி நடந்ததைச் சொல்றேன்.

2018. எங்க லைன்ல ஒரு வால்வு அசெம்பிளி. அதுல ரெண்டு ஓ-ரிங் போடணும். ரெண்டும் கறுப்பு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், தடிமன்ல மட்டும் மயிரிழை வித்தியாசம். ராத்திரி ஷிஃப்டுல, மூணாவது மணி நேரத்துக்கு மேல, மனுசக் கண்ணு அதைப் பிரிச்சுப் பாக்காது. மாத்திப் போட்டா லீக் டெஸ்ட்ல சிலது மாட்டும், சிலது மாட்டாமத் தப்பிச்சு கஸ்டமர்கிட்ட போயிடும். கம்ப்ளெயின்ட் மேல கம்ப்ளெயின்ட். கமிட்டி போட்டாங்க. அந்தக் கமிட்டிக்குத்தான் ரெண்டு நாள் லேட்டரல் திங்கிங் டிரெய்னிங். சுவர் பூரா மஞ்சள் சீட்டு ஒட்டினோம். கேமரா வைக்கலாம், சென்சார் வைக்கலாம், தொழிலாளிக்குக் கண் டெஸ்ட் பண்ணலாம். அகராதியைத் திறந்து வந்த வார்த்தை 'யானை', அதை வச்சு அரை மணி நேரம் யோசிச்சோம். சத்தியமா.

ரெண்டு வாரம் கழிச்சு கேட் வாசல் டீக்கடையில லைன்ல வேலை பாக்குற ஒரு தம்பிகிட்ட பேச்சுக் குடுத்தேன். உத்தரப்பிரதேசத்துல பல்லியா பக்கத்துக்காரன், காண்ட்ராக்ட் லேபர், வயசு இருபத்தி மூணு இருக்கலாம். விசயத்தைச் சொன்னதும் டீயை உறிஞ்சிக்கிட்டே, "சார்ஜி, ஏக் கா ரங் பதல் தோ"ன்னான். ஒண்ணோட கலரை மாத்திடுங்க. அவ்வளவுதான். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பச்சைன்னா கண்ணை மூடிக்கிட்டா போடுவாங்க? இதை நீ யார்கிட்டயாவது சொன்னியான்னு கேட்டேன். ஒரு வருசத்துக்கு முன்னாடியே சூப்பர்வைசர்கிட்ட சொன்னானாம். "உன் வேலையைப் பாரு"ன்னாராம். சஜஷன் பாக்ஸ்ல எழுதிப் போட வேண்டியதுதானேன்னா, சிரிக்கிறான். அந்த ஃபார்ம் இங்கிலீஷ்ல இருக்கு. மேல எம்ப்ளாயி நம்பர்னு ஒரு கட்டம். காண்ட்ராக்ட்காரனுக்கு எம்ப்ளாயி நம்பர் கிடையாது.

கவனிச்சீங்களா? பெட்டிக்கு வெளியே யோசிக்கிறவன் நெஜமாவே பெட்டிக்கு வெளியேதான் நின்னுக்கிட்டிருந்தான். உள்ள விடத்தான் ஆளில்லை.

அந்த யோசனையை நான் மீட்டிங்ல அவன் பேரோடயே வச்சேன். ரப்பர் மாறினா ஆயில்ல ஊறுமா, சூடு தாங்குமான்னு டெஸ்ட் பண்ணி, கஸ்டமர் ஒப்புதல் வாங்கி, எட்டு மாசம் கழிச்சுப் பச்சை ரிங் வந்துச்சு. லைன்ல அந்தக் குழப்பம் தீந்துச்சு. வருசக் கடைசி பிரசன்டேஷன்ல 'லேட்டரல் திங்கிங் டிரெய்னிங்கின் பலன்'னு ஒரு ஸ்லைடு. டிபார்ட்மென்ட் பேர் இருந்துச்சு, டேமேஜர் போட்டோ இருந்துச்சு. அவன் பேர் இல்லை. ஏன்னு கேட்டதுக்கு, "அவர் நம்ம ரோல்ல இல்லையே"ன்னு பதில். அந்தத் தம்பி அதுக்குள்ள காண்ட்ராக்ட் முடிஞ்சு பாவல் பக்கம் வேற ஃபேக்டரிக்குப் போயிட்டான். அவ்வ்வ்வ்.

இது நம்ம ஃபரிதாபாத் அழுக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்க. ஓ-ரிங்னு சொன்னதும் உலகமே ஞாபகம் வச்சிருக்கிற ஒரு ஓ-ரிங் கதை இருக்கு. 1986 ஜனவரி 27, ராத்திரி. மறுநாள் காலைல சேலஞ்சர் விண்கலம் கிளம்பணும். ஃப்ளோரிடாவுல கடுங்குளிர். பூஸ்டர் ராக்கெட்டைச் செஞ்ச மார்ட்டன் தியாகால் கம்பெனி எஞ்சினியருங்க, இந்தக் குளிர்ல மூட்டுல இருக்கிற ரப்பர் ஓ-ரிங் விறைச்சுப் போகும், ஒழுங்கா அடைக்காது, ஏவ வேண்டாம்னு டெலிபோன் மீட்டிங்ல சொன்னாங்க. ரோஜர் போய்ஜோலிங்கிற எஞ்சினியர் முந்தின வருசம் ஜூலையிலயே எழுத்து மூலமா எச்சரிச்சிருந்தார். நாசா தரப்புல அதிருப்தி. கம்பெனிக்காரங்க தனியா கலந்து பேசுறோம்னு லைனைத் துண்டிச்சுட்டு உக்காந்தாங்க. அப்ப சீனியர் வைஸ் பிரசிடென்ட் ஜெரால்ட் மேசன், எஞ்சினியரிங் தலைவர் ராபர்ட் லண்டைப் பாத்து, எஞ்சினியர் தொப்பியைக் கழட்டிட்டு மேனேஜர் தொப்பியை மாட்டிக்கச் சொன்னார். விசாரணைக் கமிஷன் முன்னாடி சாட்சியமா பதிவான விசயம் இது. லண்ட் மாட்டிக்கிட்டார். ஏவலாம்னு பதில் போச்சு. மறுநாள் கிளம்பின 73-ஆவது விநாடியில விண்கலம் சிதறி ஏழு பேர் செத்தாங்க.

இதுல யாருக்குப் புத்தி போதலை? எந்த எஞ்சினியருக்கு மாத்தி யோசிக்கத் தெரியலை? நேரா யோசிச்சாங்க, நேரா சொன்னாங்க, சரியாவும் சொன்னாங்க. கேக்க வேண்டியவங்க கேக்கலை. அடுத்த மாசம் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் டிவி கேமரா முன்னாடி ஒரு ரப்பர்த் துண்டைக் கிளாம்ப்ல இறுக்கி ஐஸ் தண்ணியில போட்டுக் காமிச்சதும் உலகமே 'ஆகா'ன்னுச்சு. நோபல் பரிசு வாங்கினவர் டம்ளர்ல காமிச்சா கேக்குறாங்க, அதையே செஞ்ச கம்பெனிக்காரன் சார்ட் போட்டுச் சொன்னா கேக்க மாட்டாங்க.

தொப்பின்னதும் டி போனோவோட இன்னொரு சரக்கு ஞாபகம் வரும், 'ஆறு சிந்தனைத் தொப்பிகள்'. 1985-ல வந்த புஸ்தகம். மேசன் சொன்ன தொப்பிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, அது இங்கிலீஷ்ல சாதாரணப் பேச்சு வழக்கு. டி போனோ கணக்குல வெள்ளைத் தொப்பி போட்டா தகவல் மட்டும், சிவப்புன்னா உணர்ச்சி, மஞ்சள்னா லாபம், பச்சைன்னா புது யோசனை, கறுப்புன்னா ஆபத்து, நீலம் மீட்டிங்கை நடத்துறவருக்கு. எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே கலர்ல யோசிச்சா வெட்டிச் சண்டை குறையும்ங்கிறது ஐடியா. நல்ல ஐடியாதான், மறுக்கலை. ஆனா அது நம்ம ஆபீஸுக்குள்ள வந்து என்ன ஆச்சுன்னா, "இது உடையும் சார்"னு ஒருத்தன் வாயைத் திறந்தா, "இப்ப கறுப்புத் தொப்பி நேரம் இல்லை, பாசிட்டிவா பேசுங்க"ன்னு அடக்குறதுக்கு ஒரு புது ஆயுதம் கிடைச்சுது. கறுப்புத் தொப்பி நேரம் வரும்போது மீட்டிங் டைம் முடிஞ்சிருக்கும். தமிழ்ல குல்லா போடுறதுன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியும். இந்தியிலயும் டோப்பி மாட்டி விடுறதுன்னா அதே அர்த்தம்தான். வடக்கும் தெற்கும் ஒத்துப் போற அபூர்வமான விசயம்.

மஞ்சள் சீட்டு ஒட்டுற பிரெயின்ஸ்டார்மிங் கதையும் இப்படித்தான். அதைப் பிரபலப்படுத்தினவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன், அமெரிக்க விளம்பரக் கம்பெனிக்காரர், 1953-ல இதுக்குன்னே ஒரு புஸ்தகம் எழுதினார். கூட்டமா உக்காந்தா யோசனை கொட்டும்னார். அஞ்சே வருசத்துல, 1958-ல, யேல் பல்கலைக்கழகத்துல சோதிச்சாங்க. நாலு பேரை ஒண்ணா உக்கார வச்சு வந்த யோசனைகளைவிட, நாலு பேரைத் தனித்தனியா யோசிக்க விட்டு அதையெல்லாம் சேத்தா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வந்துச்சு. 1987-ல டீல், ஸ்ட்ரோபன்னு ரெண்டு பேர் ஏன்னு நோண்டிப் பாத்தாங்க. முக்கியமான காரணம் ரொம்ப எளிமை: ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். மத்தவங்க முறைக்குக் காத்திருக்கிறதுக்குள்ள யோசனை அத்துப் போகுது. இதுல நம்மூர் விசேசத்தைச் சேத்துக்குங்க. மொதல்ல பேசுறது யாரு? ரூம்லயே அதிகச் சம்பளம் வாங்குறவர். அவர் பேசி முடிச்சதும் மத்தவங்க பேசுறதுக்குப் பேரு ஜால்ரா.

"அப்ப டெக்னிக்கே தண்டம்ங்கிறியா?"ன்னு கேப்பீங்க. இல்லை. டி போனோ சொன்ன அடிப்படை விசயம் எனக்குப் பிடிக்கும். ஜெல்லி மேல வெந்நீரை ஸ்பூன் ஸ்பூனா ஊத்தினா பள்ளம் விழும், அடுத்து ஊத்துற தண்ணியும் அதே பள்ளத்துல ஓடும், மனசும் அப்படித்தான்னார். வாஸ்தவம். பழகின தடத்துல இருந்து வெளியே வரச் சில உபாயம் உதவும். நானே உபயோகிக்கிறேன். "இதை ஏன் இப்படிச் செய்யுறோம்?"னு நல்லா ஓடுற விசயத்தையும் கேள்வி கேக்குறது. ஒரு பிரச்சினையைத் தலைகீழாக்கி, "இதை வேணும்னே கெடுக்கணும்னா என்ன செய்வேன்?"னு பாக்குறது. ஒரு முடிவு எடுக்கிறதுக்கு முந்தி நல்லது, கெட்டது, சுவாரசியமானதுன்னு மூணு பத்தி எழுதிப் பாக்குறது. இதுக்கெல்லாம் ஹோட்டல் ஹால் வேண்டாம், ஒரு பேப்பர், அரை மணி நேரம் போதும்.

ஆனா உபாயம் மட்டும் போதாது. அவரோட ரொம்பப் பிரபலமான உதாரணத்தையே பாருங்க. ஆத்தங்கரையில ஃபேக்டரி, கழிவைக் கொட்டி ஆத்தைக் கெடுக்குது. 'ஃபேக்டரி தனக்குத் தானே கீழ்மடையில இருக்கணும்'னு ஒரு கிறுக்குத்தனமான வாக்கியத்தை வேணும்னே போட்டுக்கிட்டு யோசிச்சா, தண்ணி எடுக்கிற குழாயைக் கழிவு விடுற குழாய்க்குக் கீழ வைக்கச் சொல்லலாமேங்கிற யோசனை வருது. தன் அழுக்கைத் தானே முதல்ல குடிக்கணும், அப்ப ஒழுங்கா சுத்தம் பண்ணுவான். பிரமாதமான யோசனைதான். ஆனா நொய்யல் ஆத்துக்கு யோசனை இல்லாமயா கெடுதல் வந்துச்சு? திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கி, பாசனத்துக்குன்னு 1992-ல கட்டின ஒரத்துப்பாளையம் அணை விஷக்குட்டை ஆச்சு. கீழ்மடை விவசாயிங்க பக்கவாட்டுல ஒண்ணும் யோசிக்கலை. "எங்க நிலம் சாகுது"ன்னு வருசக்கணக்கா நேரா, உரக்கச் சொன்னாங்க, கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற வரைக்கும் கேக்க வேண்டிய காதுகளுக்கு அது ஒழுங்கா கேக்கலை. கீழ்மடையில இருக்கிறவன் பேச்சு மேல் மடைக்கு ஏறாது. ஆத்துலயும் அப்படித்தான், ஆபீஸ்லயும் அப்படித்தான்.

சரி, நெஜமாவே மாத்தி யோசிச்சவங்க யாரு, எப்படி யோசிச்சாங்க? ரெண்டு பேரைச் சொல்றேன், ரெண்டு பேருமே வடக்கத்திக்காரங்க.

லடாக்ல செவாங் நோர்பெல்னு ஒரு சிவில் எஞ்சினியர். அங்க விவசாயிக்கு விதைக்கத் தண்ணி தேவைப்படுறது ஏப்ரல், மே மாசத்துல. உசரத்துல இருக்கிற பனிப்பாறை உருகி வர ஜூன் ஆயிடும். ஒரு குளிர்காலத்துல குழாய் உறைஞ்சு வெடிக்காம இருக்கட்டும்னு திறந்து விட்டிருந்த தண்ணி, வேகம் குறைஞ்சு நிழல்ல தேங்கின எடத்துல உறைஞ்சு கிடந்ததைப் பாத்தார். வீணாப் போற குளிர்காலத் தண்ணியை ஊருக்குப் பக்கத்துல, தாழ்வான எடத்துல, நிழல்ல மெதுவா ஓட விட்டு உறைய வச்சா, அது முன்னாடியே உருகுமேன்னு தோணுச்சு. 1980-களோட பிற்பாதியில ஆரம்பிச்சு ஊர் ஊரா செயற்கைப் பனிப்பாறை செஞ்சார். 2015-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அவர் அகராதியைத் திறந்து வார்த்தை தேடலை. வருசக்கணக்கா அந்த மண்ணுல கால்வாய் வெட்டினவர், அந்த விவசாயியோட ஏப்ரல் மாசக் கவலை தெரிஞ்சவர். சொட்டுற குழாயை ஊரே பாத்திருக்கும். அந்தக் கவலையைச் சுமந்துக்கிட்டு இருந்தவர் கண்ணுக்குத்தான் அது பனிப்பாறையாத் தெரிஞ்சுது.

இன்னொண்ணு ஜெய்ப்பூர் கால். 1960-கள்ல செயற்கைக் காலுன்னா ஷூ மாட்டி நடக்கிற வெள்ளைக்காரனுக்கான சாமான். நம்ம விவசாயி வெறுங்கால்ல வரப்புல நடக்கணும், குந்தி உக்காரணும், சம்மணம் போடணும். சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர் பி.கே. சேதி. அங்கயே நோயாளிகளுக்குக் கைவேலை சொல்லிக் குடுத்தவர் ராம் சந்திர சர்மா, பெரிய படிப்பெல்லாம் இல்லாத கைவினைஞர், மாஸ்டர்ஜின்னு கூப்பிடுவாங்க. டயர்க்கடையில ரப்பரை வேக வச்சு ஒட்டுற வேலையை வச்சு, ரப்பர்லயே வளையுற பாதம் செய்யலாம்னு ஆரம்பிச்சது அந்த மாஸ்டர்ஜி. அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில ஒரு சர்ஜன், கைவினைஞர் பேச்சைக் கேட்டு அவரோட சேந்து உக்காந்து வேலை பாத்தார் பாருங்க, அதுதான் என்னைக் கேட்டா பெரிய கண்டுபிடிப்பு. 1981-ல சேதிக்கு மகசேசே விருது கிடைச்சுது. நியாயம்தான். மாஸ்டர்ஜி பேர் நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

ரெண்டு கதையிலயும் இருக்கிறது மூணு விசயம். ஒண்ணு, வேலையில ஆழமான பரிச்சயம். ரெண்டு, பிரச்சினையால அவதிப்படுறவங்க பக்கத்துல இருக்கிறது. மூணு, சொன்னா கேக்க ஒரு ஆளு, இல்லைன்னா தானே செஞ்சு பாக்குற அதிகாரம். இந்த மூணும் இருந்தா மாத்தி யோசிக்கிறது தானா வரும். இந்த மூணும் இல்லாம ஒன்பது புள்ளி போடுறது சும்மா பொழுதுபோக்கு.

டொயோட்டாக்காரன் 1951-லயே தொழிலாளிகிட்ட யோசனை கேக்குற திட்டத்தை ஆரம்பிச்சான். அதைவிட முக்கியம் அவன் லைன்ல தொங்குற கயிறு. ஏதாவது தப்புன்னு பட்டா எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம், லீடர் ஓடி வரணும், சரி ஆகலைன்னா லைன் நிக்கும். நம்ம பக்கத்து ஃபேக்டரிகள்ல அதைப் பாத்துக் காப்பியடிச்சுக் கயிறும் பட்டனும் வச்சிருக்காங்க. ஆனா அழுத்தினவனுக்கு மொதல்ல என்ன கிடைக்கும்? நன்றியா, மெமோவா? அந்த ஒரு கேள்விக்கான பதில்லதான் ஒரு கம்பெனியோட மொத்தக் கிரியேட்டிவிட்டியும் இருக்கு. கயிறை ஜப்பான்ல இருந்து வாங்கிட்டு வரலாம். இழுக்கிறவனுக்குக் குடுக்க வேண்டிய மரியாதையை எந்த டிரெய்னர்கிட்ட வாங்குவீங்க?

திட்டிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. டிரெய்னிங் பட்ஜெட் கையில வச்சிருக்கிற மகராசனுங்க யாராவது இதைப் படிச்சா, காசு செலவில்லாத நாலு விசயம்:

1. சஜஷன் ஃபார்மை இந்தியில, தமிழ்ல, அந்தந்த ஊர் பாஷையில போடுங்க. எழுத வராதவங்க சொல்லச் சொல்ல எழுதிக்க ஒரு ஆளைப் போடுங்க. எம்ப்ளாயி நம்பர் கட்டத்தை அடிச்சுடுங்க.

2. மீட்டிங்ல பேச்சை ஆரம்பிக்கிறதுக்கு முந்தி எல்லாரையும் பத்து நிமிசம் தனியா எழுத விடுங்க. அப்புறம் கடைசிச் சம்பளக்காரர்ல இருந்து பேச ஆரம்பிக்கட்டும். பெரியவர் கடைசியா வாயைத் திறக்கட்டும்.

3. வேண்டாம்னு தள்ளின ஒவ்வொரு யோசனைக்கும் ஏன் வேண்டாம்னு ரெண்டு வரி பதில் குடுங்க. ஒரு மாசத்துக்குள்ள. பதில் இல்லாத பெட்டியில ரெண்டாவது சீட்டு விழாது.

4. ஸ்லைடுல யோசனை சொன்னவன் பேரைப் போடுங்க. அவன் ரோல்ல இருக்கானா இல்லையாங்கிறது யோசனைக்குத் தெரியாது.

இந்த நாலையும் ஒரு வருசம் செஞ்சு பாத்துட்டு, அதுக்கப்புறமும் யோசனை வரலைன்னா, தாராளமா டிரெய்னரைக் கூப்பிடுங்க. நானே முதல் வரிசையில உக்காந்து புள்ளி போடுறேன்.

மத்தபடி, அடுத்த தடவை உங்களை மாத்தி யோசிக்கச் சொல்லி ஹோட்டலுக்கு ஏத்திட்டுப் போனா, கூழாங்கல் கதை முடிஞ்சு கைதட்டல் ஓய்ஞ்சதும் கையைத் தூக்கி ஒண்ணே ஒண்ணு கேளுங்க மக்கா: "சார், அந்தப் பையைக் கவுத்துக் காட்டச் சொல்ற உரிமை நம்ம கம்பெனியில யாருக்கு இருக்கு?" ஹால்ல என்ன சத்தம் வருதுன்னு பாருங்க. பெரும்பாலும் ஏசி சத்தம் மட்டும்தான் கேக்கும்.